பேய்க்கு வைத்த மூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டால், "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதித் தங்கச்சிக்கு அனுப்புகிறேன். அவள் படித்துக்காட்டுவாள்.

பேய் துரத்தும் பழைய வீடியோ கேம் ஒன்றைப் பார்வையற்றவர்கள் காதால் கேட்டு விளையாடும்படி மாற்றுகிறோம். பேய் எந்தப் பக்கம் வருகிறது என்று அதன் மூச்சுதான் சொல்ல வேண்டும். உன் வாய்ஸ் மெசேஜில் நீ பேசுவதற்கு முன் வரும் மூச்சை வெட்டி அந்தப் பேய்க்கு வைத்தேன். உன்னைப் பேயாக்கிவிட்டேன், கோபிக்காதே.

நேற்று விளையாடிப் பார்த்த பார்வையற்ற அக்கா பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "தம்பி, இது யாரு? நெஞ்சுல நீர் கோத்திருக்கு. எங்கப்பாவுக்குக் கடைசியில இப்படித்தான் கேட்டுச்சு" என்றார். நான் அந்த மூச்சை நூறு தடவை கேட்டிருக்கிறேன் அம்மா.

தங்கச்சியோடு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மெசேஜ் அனுப்புவதை நிறுத்தாதே. பேச முடியாவிட்டால் போனைச் சும்மா வாய்ப்பக்கம் வைத்திரு, போதும்.

மேனேஜர் கூப்பிடுகிறார். பேய் தூரம் போகும்போது மூச்சு மெல்ல அடங்கி நின்றுவிட வேண்டுமாம். அந்த வேலையை மட்டும் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

உன் மகன்