ஸ்டெல்லாவுக்கு ஒரு சோடி கையுறை

என் அன்பு மச்சான் அருளுக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. இதைச் சொன்னால் நம்பமாட்டாய்: உன் மனைவி, என் தங்கச்சி ஸ்டெல்லா, இப்போது என்னோடு மீன் பிடிக்க வருகிறாள். நாம் இருவரும் சனிக்கிழமைகளில் தூண்டில் பையோடு வெளிக்கிடும்போதெல்லாம், "பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியில விடுறதுக்கோ இந்தக் குளிருக்க போறியள்?" என்று சிரித்தாளே, அவளேதான்.

உன்னை அடக்கம் செய்த பிறகு அவள் வேலைக்கும் ஞாயிறு பூசைக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை. கார்த்திகையில் ஒருநாள் தோர்ண்டன் ஹீத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். மேசையில் மீன்பிடி லைசென்ஸ் ஒன்று கிடந்தது. அவள் பெயரில்.

"அண்ணை, வாற சனி நானும் வாறன்."

"உன்ரை கைக்கு ஏலாது, பிள்ளை."

"ஏலுமோ ஏலாதோ எண்டு நான் பார்க்கிறன்."

அவளுடைய விரல்கள் உனக்குத் தெரியாதவையா? குளிர் பட்டால் இரத்தம் வடிந்து மெழுகுதிரி போல வெளிறிவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ அந்தக் கைகளை உன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொள்வாய். கவனமில்லாமல் விட்டால் விரல் நுனியில் புண் வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயம். அவளுக்கு இல்லை.

முதல் சனிக்கிழமை கம்பளிக் கையுறை போட்டு வந்தாள். குளத்தில் தூறல். அரை மணித்தியாலத்தில் கம்பளி தண்ணீரைக் குடித்து ஈரத்துணியாகிவிட்டது. காருக்குள் ஹீட்டரைப் போட்டபோது, விரல்களுக்கு இரத்தம் திரும்பும் வலியில் அழுதாள். வலியில்தானா? நான் ஹீட்டரை இன்னும் கூட்டினேன்.

அடுத்த முறை நானே வாங்கிக் கொடுத்தேன், பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடுகிற தடித்த சாதி. ஒரு துளி தண்ணீரும் உள்ளே போகாது என்றார்கள், போகவும் இல்லை. ஆனால் அவளால் தூண்டில் நூலைப் பிடிக்க முடியவில்லை. புழுக் கோர்க்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். ஈர விரலைத் திரும்ப உள்ளே விட்டால், அடுத்த முறை உள்துணியும் விரலோடு சேர்ந்து வெளியே வரும்.

"இது கிளவ்ஸ் இல்லை அண்ணை, தலையணை."

"அப்ப விடு. கோடை வரட்டும், போவம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் கோடையில மட்டுமோ வந்தவர்?"



கடைசியில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்ற பெண் எதையும் எடுத்துக் காட்டவில்லை. எந்த விரலால் என்ன செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். ஸ்டெல்லா வெறுங்கையால் புழுக் கோர்ப்பது போலவும் நூலை விடுவது போலவும் செய்து காட்டினாள். பெருவிரலும் அடுத்த இரண்டும்தான் வேலை செய்கின்றன. அந்த மூன்றின் நுனிகளை மட்டும் மடித்துத் திறக்கக்கூடிய, ரப்பர் போன்ற துணியில் தைத்த ஒரு சோடி வந்தது. உள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை. இறுக்கமாகப் போட்டால் இரத்தம் ஓடாது என்று சொல்லி, வெளிக் கையுறையை ஓரளவு பெரிதாகத் தந்தாள். கை குளிர்ந்த பிறகு போட்டுப் பயனில்லை, வீட்டிலேயே சூட்டோடு போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள் என்றாள். நாம் இத்தனை வருடம் குளக்கரையில் இறங்கித்தானே கையுறையைத் தேடினோம்!

போன சனிக்கிழமை நல்ல மழை. இரண்டு மணித்தியாலம் இருந்தோம். நான் இடைக்கிடை அவள் விரல் நுனிகளைப் பார்த்தபடியே இருந்தேன். நிறம் மாறவில்லை. பதினொரு மணியளவில் மிதவை அமிழ்ந்தது. உள்ளங்கை நீளத்தில், சிவந்த செட்டையோடு ஒரு வெள்ளி மீன்.

அவள் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"நீ கையை நனைக்காதை. நான் எடுத்து விடுறன்."

"வேண்டாம். கிளவ்ஸோட பிடிச்சா அதின்ரை தோல் உரிஞ்சு போம் எண்டு அவர் சொல்லுறவர். இது என்ரை மீன்."

வெறுங்கையைக் குளத்தில் நனைத்து, மீனைப் பதமாகப் பிடித்து, தூண்டிலைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டாள். அது உடனே போகவில்லை. அவள் கைகளுக்கிடையில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போனது. அவள் எழும்பியபோது விரல் நுனிகள் வெளிறியிருந்தன. நான் பதறிக்கொண்டு துவாயை நீட்டினேன். அவள் ஆறுதலாகத் துடைத்து, காய்ந்த உள்கையுறையை எடுத்துப் போட்டு, கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. இந்தமுறை அழவில்லை.

"அண்ணை, புழு டப்பாவை இஞ்சாலை தாங்கோ."

கொடுத்தேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். அவள் வருகிற எல்லாச் சனிக்கிழமையும் நான் வருவேன். கையுறை நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி என் பையில் இருக்கும். விரல் வெளிறத் தொடங்கினால் சண்டை பிடித்தாவது காருக்குள் ஏற்றுவேன். ஆனால் "நீ வராதே" என்று மட்டும் இனி அவளிடம் சொல்லமாட்டேன்.

உன் ஸ்டெல்லாவின் அண்ணன்,
என்றும் உன் மச்சான்