தரை நின்றதும் தட்டிய கை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், என் காது மட்டும் போட்ட லீவை இன்னும் முடிக்கவில்லை, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் அதை ஒத்துக்கொண்டால் மாடிக்குத் தண்ணீர் தூக்கச் சொல்வேன் என்று என்னைக் கண்டதும் நொண்டுகிறார். கடையில் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது, பிறகு உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் நடக்காது என்று சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அரங்கத்தில் முதல்முறையாக வாசிக்கப் போகிறாய் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், ஒன்றும் கேட்காமல் அத்தனை கூட்டத்தில் நின்று கஷ்டப்படுவாங்க என்றாயாம். உன் அப்பா வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் அவரிடம் போய் ரகசியம் சொன்னாயே, உன்னை என்ன சொல்ல. போனை வைத்துவிட்டு வந்தவர் முகமே சரியில்லை, என்னவென்று கேட்டதும் பேப்பரை எடுத்து முழுவதையும் எழுதிக் காட்டிவிட்டார். என் நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். தெரிந்தும் வலித்தது சிட்டு. உன் பாட்டு மெஷின்களையும் ஒயர்களையும் வீடு முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு நீ பழகினபோது அதைத் தாண்டித் தாண்டி நடந்தவள் நான், இப்போது வாசலில் நிற்க வைக்கிறாயே என்று இருந்தது.

சரி, நிஜமாகவே என்னால் முடியாதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. நம் கடையில் பட்டன் தைக்கும் பெண் இந்த மாதிரி மெஷின் பாட்டுக்கு ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் போகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய கிடங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு எங்களைக் கூட்டிப் போனாள். கச்சேரி என்றால் உட்கார்ந்துதானே கேட்பார்கள் என்று நான் மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன், அங்கே உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான். வாசலில் ஒரு பெண் எல்லோருக்கும் சத்தம் குறையக் காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தாள், எனக்கு எதற்கும்மா, இலவசமாகவே அடைத்திருக்கிறது என்றேன், அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பா வைத்துக்கொண்டார். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ஜாடையில்தான் பேசினோம், ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சமம்.

முதலில் மேடையில் இருந்த பையனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருகினான், தட்டினான், ஒன்றும் புரியவில்லை. சுற்றி எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவர்களுக்கும் புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் ஸ்டூல் அதிர்வது தெரிந்தது. எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் கால் வைத்தேன். உனக்குத் தெரியும், தையல் மெஷினில் நூல் சிக்கப் போவது இப்போதெல்லாம் என் விரலுக்குத்தான் முதலில் தெரிகிறது. அதே மாதிரி உள்ளங்காலில் ஏறி வயிற்றில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று தரை நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்து, வயிறார, பலமாகக் கை தட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுக்கிறார், நான் விடவில்லை. முடியவே இல்லையாம், கனமான அடி மட்டும்தான் நின்றதாம், மெல்லிசாக ஏதோ ஓடிக்கொண்டிருக்க எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்களாம், பட்டன்காரி பிறகு எழுதிக் காட்டினாள். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் நான் வேண்டுமென்றே தட்டுகிறேன் என்று நினைத்து என்னோடு சேர்ந்துகொண்டார்கள், தூக்கிப் பிடித்திருந்த போனெல்லாம் பைக்குள் போனது, கிடங்கே தட்டியது. அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, இன்னும் கொஞ்சம் தட்டவிட்டுப் பிறகு அடியைக் கொடுத்தான் பார், தரை முழுக்கத் திரும்பி வந்தது. அழுதுவிட்டேன்.

இதையெல்லாம் உன்னிடம் போய்ச் சொல்கிறேன், பார்க்க வருகிறவர்களிடம் நீதான் சொல்ல வேண்டும். உன் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், வந்த உடம்பை அங்கேயே வைத்திருந்தால் போதும். ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறதே என்று சலிப்பவர்களை என் கடைக்கு அனுப்பு, நாள் பூராவும் ஒரே தையல்தான், ஆனாலும் ஒவ்வொரு துணியும் வேறு மாதிரி ஓடும். பக்கத்தில் இருப்பவர் எப்படி ஆடுகிறார் என்றும் பார்க்கக் கூடாது, அப்பா ஆடியதை நான் பார்த்திருக்கவே கூடாது, முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ.

டிக்கெட் எடுத்தாயிற்று, இரண்டு பேரும் வருகிறோம். எனக்கு நாற்காலி போடாதே, எனக்காகச் சத்தத்தையும் கூட்டாதே, பலகைத் தரை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வை. நீயும் காதில் பஞ்சு வைத்துக்கொள், வீட்டில் ஒரு ஜோடி காது போனது போதும். மறக்காதே.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், உன் கை சோராமல் இருக்கட்டும். நடுவில் நீ அடியை நிறுத்தும்போது எல்லோரும் அசையாமல் நிற்பார்கள், ஒருத்தி மட்டும் கை தட்டுவாள். பாட்டு முடிந்துவிடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும், ஆனாலும் தட்டுவேன். அந்த இருட்டில் அம்மா எங்கே நிற்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா.

தட்டிக்கொண்டே இருக்கும்,
உன் அம்மா