பச்சை நாடா ஒட்டிய மூலை

அன்புள்ள கத்திக்கு,

நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? உன்னை இந்தப் பட்டப்பெயரால் கூப்பிட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். நீ கரும்பலகையில் வரைந்த தவளைக்கு ஐந்து கால் என்று பிள்ளைகள் சிரித்ததாக எழுதியிருந்தாய். படித்துவிட்டு நானும் சிரித்தேன். பதில் போடத்தான் எட்டு மாதம் ஆகிவிட்டது.

இங்கே ஆய்வகத்தை மாடிக்கு மாற்றுகிறார்கள். குளிர் அறையைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நமக்கிருந்த ஒரே கம்பளிக் குல்லாய் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. "ஆளுக்கு ஒரு காது மூடிக்கலாம்டி" என்று பாதியை என் தலைக்கு இழுப்பாயே, அந்தக் குல்லாய்தான். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு காதும் மூடியது. நன்றாகவே இல்லை.

ஜன்னலோர மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சூரியகாந்தி விதை சீவிய நாட்களை நீ நினைப்பதுண்டா? ஓட்டை உரித்து, கூர்முனையில் இருக்கும் கருவைத் தொடாமல், தடித்த முனையில் மட்டும் துளி சீவல் எடுப்பாய். சீவலில் மரபணுவைப் பார்ப்போம். மிச்ச விதை தட்டின் தொண்ணூற்றாறு குழிகளில் ஒன்றில் காத்திருந்து மண்ணுக்குப் போகும். "வலிக்காம வெட்டணும், நாளைக்கு முளைக்கிற புள்ள" என்பாய். நான் குழிகளை எண்ணிக் குறித்துக்கொள்வேன். "சோடாபுட்டி, கண்ணாடிய தொடைச்சுட்டு எண்ணு" என்று நீ அதட்டாத நாளில்லை.

சர்க்கரையை எண்ணெயாக மாற்றச் சொல்லி விதையை ஏவும் மரபணு அது. அதில் ஒரு வகை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே ஏவுகிறது என்பது உன் கணிப்பு. "எங்கம்மா மாதிரி. ஒரு தடவ சொல்லிட்டு விடமாட்டா." அந்த வகை இருக்கும் செடியின் விதையில் எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்காவது கூடும் என்றாய்.

தொண்ணூற்றாறு விதைகளையும் நட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாய். "அந்த வகை இல்லாத விதைய எதுக்கும்மா நடறே, எடத்துக்குக் கேடு" என்று துறைத்தலைவர் சலித்துக்கொண்டார். "இல்லாதது எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் இருக்கிறதோட அருமை தெரியும்" என்றாய். இன்று அந்தப் பிடிவாதத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அறுவடையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வந்தது. "ஆசப்பட்டா எண்ணெய் ஊறாதும்மா" என்றார் அவர். இருந்த ஒரே பணியிடம் எனக்கு வந்தது. சீவும்போது உன் கைதவறி விதைகள் கலந்திருக்கும் என்று ஆறுதல் போல நானும் சொல்லிவைத்தேன். நீ கத்தியைத் துடைத்து உறையில் போட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை கீழ் அடுக்கில் அந்த விதைத் தட்டு கிடைத்தது. குழிகள் வெறுமையாக இருந்தன. முதல் குழி இருக்கும் மூலையில் பச்சை நாடா ஒட்டுவது நம் வழக்கம் அல்லவா? நாடா இருந்தது. ஆனால் அதற்கு நேர் எதிர் மூலையில் பழைய பசைத் தடமும், பக்கத்தில் உன் கையெழுத்தில் பென்சிலால் '1' என்ற எண்ணும் இருந்தன.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று "நீ நட்டுடுடி" என்று தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஓடினாயே, அன்று ஈரத்தில் நாடா கழன்றிருந்தது. மேல் இடது மூலை என்று நினைத்து நான்தான் திரும்ப ஒட்டினேன். எனக்கு மேல் இடது. எதிரே உட்காரும் உனக்கு அது கீழ் வலது. தொண்ணூற்றாறாவது விதையை ஒன்று என்று நட்டிருக்கிறேன். உன் கை தவறவில்லை, கத்தி.

பழைய நோட்டை எடுத்து எண்களைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். நீ சொன்ன வகை உள்ள செடிகளில் எண்ணெய் சராசரி நூற்றுக்கு நாற்பத்தேழு, இல்லாதவற்றில் நாற்பத்தொன்று. மூன்று தடவை கூட்டிப்பார்த்தேன். சந்தோஷத்தில் எழுந்து உன்னைத்தான் கூப்பிட்டேன். பிறகுதான் உன் காலி நாற்காலியைப் பார்த்தேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். பணியிடத்தைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறேன். அவர்தான் முடிவு செய்யவேண்டும். இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். ஒரு தடவை போதாது, முதலிலிருந்து செய்துகாட்ட வேண்டும் என்றார். யார் சீவுவது என்றும் கேட்டார். நான் சீவமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதே தாய்ச்செடியின் விதைகள் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தன. தொண்ணூற்றாறு எண்ணி எடுத்து வைத்திருக்கிறேன். ஓடுகூட உரிக்கவில்லை. ஜன்னலோர மேசையை மட்டும் இன்னும் மாடிக்கு அனுப்பவில்லை.

கோபமிருந்தால் திட்டுவதற்காகவாவது வா. அம்மாவையும் அழைத்து வா, என் வீடு தரைத்தளம்தான். இந்த முறை உன் எதிரே உட்காரமாட்டேன். என் நாற்காலியை உன் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறேன்.

அம்மா நெடுநாள் சுகமாக இருக்கட்டும். உன் கை என்றும் நன்றாக இருக்கட்டும்.

உன்,
சோடாபுட்டி