தண்ணீர் நீலமாக ஓடிய நாள்

அன்புள்ள மேரிபெத்துக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், ஏரி நிறைந்து கிடக்கிறது, அலாஸ்காக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பது மட்டும்தான் எங்கள் கவலை. படகைத் தேய்த்த அன்று உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டாயில், தண்ணீர் நீலமாக ஓடுகிறது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். படகுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் வீட்டில் வளர்ந்த உனக்கு இது தெரியும். வெயிலில் வெளுத்த மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போது தண்ணீர் பால்போல வடிய வேண்டும், நிறம் கலந்து வந்தால் கையை எடுத்துவிட வேண்டும், அடியிலிருந்து நிறம் தரும் மினுக்குத் தூளின் தலை சீவப்படுகிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு எந்த மெருகும் ஏறாது. எனக்கு இதைச் சொல்லித்தந்ததே அவர்தான். அன்று நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் விரலிடுக்கெல்லாம் நீலம் வழிகிறது, அவரோ சீட்டியடித்துக்கொண்டு தேய்த்தபடியே இருக்கிறார். தெரிந்துதான் செய்கிறார் என்று நினைத்தேன். அந்த நீலம் உன் அம்மா தெரிந்தெடுத்தது, அவள் கையாலேயே தூவியது. கிளெண்டாவின் நிறத்தை எடுத்துவிட அவர் முடிவு செய்திருந்தால் அவள் போன பின்னால் வந்த நான் அதில் வாய் கொடுப்பது சரியில்லை என்று பேசாமல் நின்றேன்.

உன் முகம் எனக்குப் பழகுவதற்கு முன்பே அந்த நீலம் பழகிவிட்டது, தெரியுமா. நீ திருப்பித் தராத புத்தகத்தைக் கொடுக்க அவர் நான் வேலை பார்த்த நூலகத்துக்கு வந்தபோது புருவத்தில் நீலத் தூள் மின்னியது, ஏதோ குழந்தைகள் நாடகத்தில் வேஷம் கட்டிவிட்டு வந்தவர் என்று நினைத்தேன். முதன்முறை என்னைப் படகில் ஏற்றிக்கொண்ட நாளில் உனக்குப் பதினான்கு வயது, முன்பக்கம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவள் காலை முழுவதும் திரும்பவே இல்லை. படகின் பக்கத்தில் பட்டுத் தெறித்த வெயில் உன் பின்கழுத்தில் நீலப் புள்ளிகளாக ஆடிக்கொண்டிருந்தது, பார்க்க எனக்கு வேறொன்றும் நீ கொடுக்கவில்லையே, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி உன் ஹாம் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தாய். இத்தனை வருஷத்தில் அதைப்போல ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூள் வெட்டுப்பட்ட பிறகு முழுவதும் புதிதாகத்தானே அடிக்க வேண்டும். தொழிற்சாலையை மூடியபோது எடுத்துவந்த மினுக்குத் தூள் பாட்டில்களை அப்பா பரணிலிருந்து இறக்கினார், ஒன்றிலும் லேபிள் இல்லை. ஒன்றை எடுத்து மாதிரிப் பலகையில் அடித்து, படகிலிருக்கும் தூண்டில் பெட்டியின் மூடியைக் கழற்றி வந்து அதன் உட்பக்கத்தோடு வெயிலில் ஒட்டிப் பார்த்தார். வெயில் படாத அந்த உட்பக்கத்தில் மட்டும்தான் பழைய நீலம் அன்று அடித்ததுபோலவே இருக்கிறது. பக்கத்து வீட்டு ஹாய்ட் வேலியோரம் நின்றவர், என்னய்யா டாயில், ஆமைக்கா பெயிண்டு அடிக்கப்போறே என்றார். அப்பா விடுவாரா, உன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டுப் பார்த்தா எல்லாம் ஆமையாத்தான் தெரியும், கிளெண்டாவே எழுந்து வந்தாலும் இதுல ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதுடா என்றார். ஹாய்ட் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பலகை நல்ல தவளைப் பச்சை, மேரிபெத். அவர் எதையும் மாற்ற நினைக்கவே இல்லை. அன்று தண்ணீரில் வழிந்த நிறமும் அவர் கண்ணில் படவில்லை, நீலமும் பச்சையும் அவருக்கு இப்போது ஒன்றாகத் தெரிகிறது.

பச்சையாக இருந்தாலும் வேலையில் குறையில்லை, கண்ணாடிப் பூச்சை அடுக்கடுக்காகப் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார், குனிந்தால் நம் இமைமயிர் தெரிகிறது. எல்லாம் கையால் தடவிப் பார்த்துச் செய்தது என்று இப்போது புரிகிறது. கண்புரை என்று டாக்டர் போன வருஷமே சொன்னார், கண்ணுல கத்தி வைக்க நான் என்ன கெளுத்தி மீனா என்று எழுந்து வந்துவிட்டார். பல்புகளெல்லாம் மட்டம் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார். இந்தக் கண்ணோடுதான் சனிக்கிழமை தோறும் படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அந்தக் குறுகிய பாலத்தைக் கடக்கிறார், போன வாரம் எதிரே வந்த பள்ளிக்கூட பஸ் ஒதுங்கியதால் பிழைத்தோம். உனக்குப் படம் அனுப்புவார், எப்படி இருக்கிறது என்று கேட்பார். பச்சையாக இருக்கிறது அப்பா என்று நீ சொல். நான் சொன்னால் உன் அம்மாவின் நிறம் போனதைக் குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடும், நீ சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

டப்பாச் சாப்பாட்டையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, நான் அனுப்பிய கம்பளிக் கையுறையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். போன இடத்தில் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். படம் வந்ததும் அப்பாவுக்குப் போன் பண்ண மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
சித்தி கொரின்

பி.கு.: உறையை ஒட்டியும் அனுப்பாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். உன் தலையில் இதைச் சுமத்த மனம் வரவில்லை, ஒட்டிய அன்று ராத்திரியே சாப்பிடும்போது நானே அவரிடம் சொல்லிவிட்டேன். முள்கரண்டியைக் கீழே வைத்து, எவ்வளவு பச்சை என்று கேட்டார். ஹாய்ட் சொன்ன ஆமை அளவுக்கு என்றேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா என்று மட்டும் சொல்லி வண்டிச் சாவியை என் பக்கம் தள்ளினார். செவ்வாய்க்கிழமை வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று போய்ப் படகைப் பார்த்தார். அந்தப் பச்சையை மறுபடி தேய்த்து எடுக்கவில்லை.