ஒன்பது நாளாக அவிழாத கட்டு

அன்புள்ள அண்ணன், மனோங் எலியோவுக்கு,

இல்லை, காயத்தால் சாகவில்லை. உன் சேவல் சிவப்பனின் நெஞ்சில் நான் போட்ட பதினொரு தையலும் நின்றன. சீழ் இல்லை. வியாழக்கிழமை தானே எழுந்து சோளம் கொத்தினான். அப்பா உனக்குத் தொலைபேசியில் சொன்னது பொய். ஜித்தாவிலிருந்து நீ என்னைத் திட்டியதில் தப்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கரும்புக்காட்டில் நடந்த திருட்டுச் சேவல் சண்டையில் யாகோ செத்தது உனக்குத் தெரியும். போலீஸ் என்று யாரோ கத்த, கூட்டம் ஓட, யாகோ பிடித்திருந்த சேவல் துள்ளியது. அதன் காலில் கட்டியிருந்த கத்தி அவன் தொடையின் உள்பக்கம் இறங்கியது. ரோட்டுக்குத் தூக்கி வருவதற்குள் ரத்தம் முடிந்துவிட்டது. சேவல் கத்தியோடு கரும்புக்குள் ஓடிவிட்டது.

கத்தியின் உறையை நேரத்துக்கு முன்பே கழற்றியது யார்? யாகோவின் அண்ணன் தெமியோங் இதைத்தான் கேட்டுக்கொண்டு அலைந்தான். அன்று கத்தி கட்டியவர்கள் மூன்று பேர். அவரவர் கட்டிய சேவலுக்கு அவரவரே உறை கழற்றுவார்கள். அந்தச் சேவலுக்குக் கட்டியது நானில்லை என்று மூவரும் சொன்னார்கள். சேவல் கிடைக்கட்டும், கட்டைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும், அந்தக் கையை வெட்டித் தம்பி குழியில் போடுகிறேன் என்று தெமியோங் சாராயக் கடையில் சத்தியம் செய்திருக்கிறான்.

மூவரில் அப்பாவும் ஒருவர். என்னிடமும் நானில்லை என்றார். நம்பினேன்.

ஒன்பதாம் நாள் காலை அறுவடைக்காகக் கரும்புக்குத் தீ வைத்தார்கள். புகையிலிருந்து ஒரு சேவல் நம் முற்றத்துக்கு வந்தது. சிவப்பு. இடது காலில் கத்தி.

அந்நியப் பறவையை இருபத்தொரு நாள் தனியே வை என்பது உன் சட்டம். பழைய பன்றிக் கொட்டிலில், மற்றக் கூண்டுகளுக்குக் காற்று வராத பக்கம், கூடையைக் கவிழ்த்து மூடினேன். அதற்கென்று வேறு செருப்பு. மூடும்போதுதான் கட்டைப் பார்த்தேன். நூலின் நுனி கத்தரிக்கப்படவில்லை. பல்லால் கடித்து நைந்திருந்தது. இந்த ஊரில் நூலைக் கடிப்பவர் ஒருவர்தான்.

நான் கை கழுவுவதற்குள் தெமியோங் வந்துவிட்டான். வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். கையில் கரும்பு வெட்டும் கத்தி. பின்னால் அவன் மைத்துனன்.

“சேவல் ஏதாச்சும் வந்துச்சா, தங்கச்சி?”

“வந்திருந்தா சூப்பு வச்சிருப்பா. உதட்டுல எண்ணெய் மினுங்குது பாரு,” என்று மைத்துனன் சிரித்தான்.

சிவப்பன் கூண்டில் நின்றிருந்தான். நெஞ்சில் மஞ்சள் மருந்து. தெமியோங் அவனை முன்பு பார்த்ததில்லை. யாகோவைக் கொன்ற சேவலையும் பார்த்ததில்லை. நிறம் மட்டும் கேட்டு வைத்திருந்தான்.

“இதுதான்,” என்றேன். “நாலு நாளாச்சு. காயத்தோட வந்துச்சு, தைச்சேன்.”

“நூலு?”

“வெறுங்காலோடதான் வந்துச்சு.”

“உங்கப்பன் எங்க?”

“உன் தம்பிக்கு ஜெபம் சொல்ல உன் வீட்டுக்குத்தான் போயிருக்காரு.”

காலைப் பிடித்து வெளியே இழுத்தான். சிவப்பன் கொத்தவில்லை. என் கை என்று நினைத்திருப்பான். முதல் வெட்டு இறக்கையில். அடுத்தது முதுகில். கழுத்துக்கு வர தெமியோங் அவசரப்படவில்லை. வெட்டுக்கு வெட்டு தம்பியின் பெயரைச் சொன்னான். ஏழு முறை. பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதான். மைத்துனன் சிரிக்கவில்லை.

“இன்னைக்குக் கடைசி ஜெபம். சமைச்சு எடுத்துட்டு வா. எல்லாரும் திங்கலாம்,” என்றான் தெமியோங்.

“ஊசி போட்ட கறி. ஆகாது.”

“செத்தா செத்துட்டுப் போறோம்.”

சமைத்தேன். உலை வைக்கும் முன் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சதை கூடத் தொடங்கியிருந்தது.

தெமியோங்கின் அம்மா நெஞ்சுத் துண்டை அப்பாவுக்கு வைத்தாள். ஒன்பது நாளும் தவறாமல் வந்த மனுஷன் என்றாள். அப்பா தின்றார். எலும்பையும் உறிஞ்சினார்.

வீட்டுக்கு வந்து, கொட்டிலில் மூடியிருந்த அந்தச் சேவலின் தலையில் சாக்கைப் போட்டு நூலை அறுத்தேன். கத்தி என் உள்ளங்கையைக் கிழித்தது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். அறுத்த கட்டை அப்பா முன்னால் வைத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஒம்போது நாளு. அவிழவே இல்ல, பாத்தியா?” என்றார்.

உறையை ஏன் முன்னாலேயே கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

“அடுத்த சேவல் காத்துக்கிட்டு இருந்துச்சு, மகளே.”

மனோங், உன் சிவப்பனைக் கொடுத்தது நான். என்னைத் திட்டு. அப்பாவிடம் எதுவும் கேட்காதே. தொலைபேசியில் அவர் வந்தால் மழையைப் பற்றிப் பேசு. முடிந்தால் அவரை உன்னிடம் கூப்பிட்டுக்கொள். கடை கூட்டட்டும், கார் கழுவட்டும், ஏதாவது செய்யட்டும்.

கட்டிட வேலையில் சாரத்தில் ஏறும்போது கயிற்றை நீயே இழுத்துப் பார். இன்னொருவர் கட்டியதை நம்பாதே. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
நெனெத்

இதை எழுதி முடித்தபோது அப்பா வந்து அந்தக் கத்தியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சண்டையாம். தரமாட்டேன் என்றேன். வேறு கத்தி இருக்கிறது, நூல்தான் தீர்ந்துவிட்டது என்று கடைக்குப் போனார். நான் எழுந்து கதவை உள்ளே தாழிட்டேன்.