நீலக் கேன்

அப்பாவுக்கு ஓவியா வணங்கி எழுதுவது. நம் ஊர் தேவாரத்தில் மழை உண்டா? அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. செல்போன் உடைந்துவிட்டதால்தான் கடிதம்.

திங்கட்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்பியோடு சிலர் புகுந்தார்கள். ஒரு பூச்சிமருந்து நரம்பைக் கெடுக்கிறது என்ற முடிவை நாங்கள் வெளியிடக் கூடாதாம். எலிக் கூண்டுகளை எலிகளோடு மிதித்து நசுக்கினார்கள். பேராசிரியர் கதவை மறித்து, "இது அரசாங்கப் பல்கலைக்கழகம். ஜனங்களோட பணத்துல கண்டுபிடிச்சதை ஜனங்ககிட்ட மறைக்க மாட்டோம்" என்றார். அவர் தாடையை உடைத்தார்கள். தரையெல்லாம் ரத்தமும் கண்ணாடியும். எனக்கு இடது மணிக்கட்டு மட்டும்தான். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. மறுநாளே முடிவை வெளியிட்டுவிட்டோம்.

அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லுங்கள். எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஆஸ்பத்திரிச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நர்ஸ் கூப்பிடுகிறார். திராட்சைக்கு அடிக்கிற நீலக் கேன் மருந்தை, "வாடை தூக்குனாத்தேன் மருந்து" என்று வெறுங்கையால் கலக்குவீர்களே, அதுதான் அப்பா நாங்கள் சோதித்த இந்த மருந்து. இனித் தொடாதீர்கள். பொங்கலுக்கு வந்தபோது டம்ளர் பிடித்த உங்கள் கை நடுங்கியது. எலிகளுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஓவியா