அண்ணா சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

என் செல்ல அப்பா,

நீங்கள் போன பிறகு நம் வீட்டில் ஒரு மகான் உதித்திருக்கிறார். வேறு யாருமில்லை, உங்கள் ஒரே பிள்ளைதான். உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டாராம். அதை நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொன்னதுதான் விசேஷம்.

பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணா குரலைத் தாழ்த்தி, ஆனால் கடைசி ஆள்வரை கேட்கும்படி, "அப்பா கம்ப்யூட்டர்ல பார்க்கக் கூடாத சைட்டெல்லாம் கெடந்தது, கேட்டோ. ஹிஸ்டரி மொத்தத்தையும் அழிச்சுட்டேன். வெளியில பறைய வேண்டாம்" என்றான். பெரியப்பா உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார். உங்களோடு கூடப்பிறந்த அண்ணா! உங்களுக்காகப் போட்ட இலையில் அப்போதுதான் மூன்று தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டவர். சாயங்காலத்துக்குள் கோட்டைக்குள் இருக்கும் நம் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவன் உளறுகிறான் என்று நான் சொன்னால், "அவன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் இஞ்சினீயராக்கும். அவனுக்குத் தெரியாததா?" என்பாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷரைவிட மகனின் பட்டம் பெரிதாகிவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது?

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அம்மாவும் உங்கள் பக்கத்தில் இருந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இங்கே இருந்தவன் அவன். உங்களுக்கு வேட்டி எடுக்க ஒருநாள் வந்தேன். கம்ப்யூட்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. "ஆபீஸ் வேலை" என்று உள்ளிருந்தே சொன்னான். அப்பா மூச்சு முட்டிக் கிடக்கிறார், துரைக்கு ஆபீஸ் வேலை!

சரி, அழித்ததையாவது ஒழுங்காக அழித்தானா? ஹிஸ்டரியை அழித்தால் போய்ப் பார்த்த பக்கங்களின் பட்டியல்தான் போகும். தேடும் பெட்டியில் தட்டிய வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் வேறு இடத்தில் வைத்திருக்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். இதுகூடத் தெரியாத இஞ்சினீயரைப் பெற்றதற்கு நீங்கள் அன்றைக்குத் தெருவெல்லாம் லட்டு கொடுத்தீர்கள்.

லீவை நீட்டிக்கொண்டு அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். நேற்று அவனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். காலிப் பெட்டியில் கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். தட்டியதெல்லாம் வரிசையாக இறங்கியது.

பாதி வரிகள் சின்ன எழுத்து இங்கிலீஷில். அவற்றை எழுத என் கை கூசுகிறது. மீதி அத்தனையும் கேபிடல் எழுத்து இங்கிலீஷில், 'கைண்ட்லி' என்று தொடங்கின. அப்பா, நெட்டில் தேடுவதற்குக்கூட மேலதிகாரிக்கு மனுப் போடுகிற மாதிரி எழுதியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். செக்ரட்டேரியட் வேலையை விட்டு வந்தும் அது உங்களை விடவில்லை. கேப்ஸ் லாக்கின் பச்சை விளக்கு அணைந்தால் மெஷினே அணைந்துவிடும் என்று வேறு நம்பி, அதை ஒருநாளும் அணைத்ததில்லை நீங்கள்.

தமிழில் சொன்னால்: மனைவியின் முழங்கால் வலிக்கு எண்ணெய் உண்டா, தயவுசெய்து தெரிவிக்கவும். பொன்முடிக்குக் காலை பஸ் எப்போது, தயவுசெய்து தெரிவிக்கவும். இருதய நோயை மனைவி பயப்படாதபடி அவளிடம் சொல்வது எப்படி, தயவுசெய்து தெரிவிக்கவும்.

அம்மா பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். அண்ணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா ரெண்டு மாதிரியும் டைப் பண்ணுவார்மா" என்றான். செத்தவர் தலையில் போட்டால் திரும்பி வந்து கேட்கவா போகிறார் என்ற தைரியம். "இதையும் க்ளீன் பண்ணிடலாம்" என்று மவுஸை எடுக்க வந்தான்.

"கையை எடுடா" என்றாள் அம்மா. "உன் அழுக்கை அவர் மேல தேச்சது போறாதா?"

அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நானும் நம்பிட்டேனேடீ, அவருக்கு ஒரு பூ வைக்கலையேடீ" என்று விம்மினாள். நானும் அழுதேன். அவன் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

அடுத்த வாரம் உங்கள் மாசத் திதியான மாசிகம். பெரியப்பாவும் அந்தக் கூட்டமும் வருவார்கள். எல்லோர் காதிலும் விழும்படி நான் சொல்லப்போகிறேன் என்றேன். "நீ மிண்டாம சும்மா இரு" என்றாள் அம்மா. "அவர் எனக்காக்கும் ஆத்துக்காரர். நான் சொல்றேன்."

அப்பா, பெரியப்பா முன்னால் இதுநாள்வரை நின்றுகூடப் பேசியிராத அம்மா சொல்கிறாள் இதை! உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு அவள் பேசி முடிக்கும்வரை கூடத்தை விட்டு ஒருவரையும் எழுந்து போக விடமாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் உங்களுக்குப் பிறந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே பிள்ளை,
உங்கள் மகள்